ஒரே ஒரு கைப்பிடி

எனக்குக் கோபம் வந்தா பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க. என் கொழுந்தன் மட்டும் நிப்பான். மேலதிகாரியாச்சே! தடுப்பணையில ஷட்டர் ஏத்தி இறக்குறது நான். அவன் அங்க இன்ஜினியர்.

"அண்ணி, ஆத்து ஷட்டரை முழுசா இறக்கிடுங்க. ஊருக்குத் தண்ணி பத்தல."

ஆத்துப் பக்கம் எப்பவும் ஒரு சாண் திறந்திருக்கணும்னு விதி. அதுலதான் கீழே ஆறு உயிரோட கிடக்கு.

"மழையே இல்ல, வெயில் கொளுத்துது. இப்ப மூடினா மீனெல்லாம் செத்துடும் தம்பி. எல்லாம் சினையா இருக்கு."

"மீன் முக்கியமா, மனுஷன் முக்கியமா?"

குடிக்கிற தண்ணியை எந்தப் பாவி தடுப்பா? முந்தாநாள் அவன் வீட்டுக்குப் போனேன். புல்தரைக்கு ஹோஸ்ல பீச்சிக்கிட்டு இருந்தாங்க. அந்தப் புதுக் காலனி முழுக்க அதே கூத்து. சொல்லிக்காட்டினேன்.

"வீட்டு விஷயத்தை ஆபீஸ்ல இழுக்காதீங்க அண்ணி."

வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே இறக்கினேன். வேலை போனா என் பிள்ளைங்க வயித்துக்கு யார் பதில் சொல்றது?

மறுநாள் மத்தியானம் கீழே இறங்கிப் பார்த்தேன். பாறைக்கு நடுவுல முழங்கால் அளவு குட்டை. கை வெச்சா சுட்டுது. வயிறு உப்பின மீனுங்க மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சுங்க. ஓரத்துல செத்தது மிதந்துச்சு. நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டேன். அவனுக்குப் போன் போட்டேன்.

"மீட்டிங்ல இருக்கேன் அண்ணி."

போடா, நீயும் உன் மீட்டிங்கும்!

மேல ஏறினேன். ஷட்டர் மோட்டார் எப்பவோ கருகிப்போச்சு. இரும்புக் கைப்பிடியை மாட்டிக் கையால சுத்தணும். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, கடையில கிடைக்காத பழைய அளவு. இன்னொண்ணு செஞ்சு தாங்கன்னு கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சதுதான் மிச்சம். "நிதி வர ஆறு மாசம் ஆகும். ஒண்ணு போதாதா? அதென்ன தொலையவா போகுது?"ன்னு சிரிப்பான்.

மூச்சு வாங்கச் சுத்தினேன். ஒரு சாண் ஏறுச்சு, தண்ணி சீறிக்கிட்டுப் போச்சு. கைப்பிடியைக் கழட்டி, அணையில ஆழமான பக்கமாப் பார்த்து வீசிட்டேன்.

சாயங்காலம் ஜீப்புல வந்து குதிச்சான்.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க? உடனே மூடுங்க! வேலை போயிடும், சொல்லிட்டேன்!"

"போகட்டும்."

"கைப்பிடி எங்க?"

"தொலைஞ்சு போச்சு தம்பி. புதுசுக்கு எழுதிப்போடு. நிதி வர ஆறு மாசம் ஆகும்ல? அதுக்குள்ள குஞ்சு பொரிச்சிடும்."