சேவல் முந்திய பாஸ்கா

1

இந்தக் கதை ஒரு சாம்பல் நிறக் கட்டத்திலிருந்து பிறந்தது. உள்ளே ஒரே வரி: ‘வீடியோவைக் காண பிளாஷ் பிளேயரை நிறுவவும்.’ அதைத் தயாரித்தவர்களே கைவிட்டுச் சில வருடங்களாகின்றன. பங்குக் கோயிலின் பழைய இணையதளத்துக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

2

‘மழை பெய்த ஒரு மாலையில், கெங்குவார்பட்டிப் பக்கம்…’ (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

வாழைக்காய் வியாபாரி அமிர்தராஜ், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தின் நிரந்தரப் பேதுரு. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்த பிறகே சேவல் கூவ வேண்டும். 2012 நாடகத்தில் இரண்டிலேயே கூவிவிட்டது, மச்சானுக்கு வசனம் மறந்துபோச்சு என்கிறான் அன்று சேவலைப் பிடித்திருந்த மைத்துனன் கிறிஸ்டோபர். அவனுக்கும் பேதுரு வேடத்தின் மேல் கண். வேடம் யாருக்கு என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாடகக் குழு கூடி முடிவு செய்யும். சாட்சியான நாடக வீடியோ அந்தச் சாம்பல் கட்டத்துக்குள்.

3

“அந்த பிளேயரு ஏதோ சைட்ல சும்மா கெடக்காம் சார். போட்ருவோம்,” என்றார் அமிர்தராஜ், என் கணினியை எட்டிப் பார்த்து.

“வைரஸும் சும்மாதாங்க வரும்.”

“என் தம்பி பொய் சொல்லுவானா?” என்றார் அவர் மனைவி ஜெயமேரி.

“ஆத்தா, நீ யாரு கட்சி?”

“சேவல் கட்சி.”

பக்கத்தின் மூலநிரலைத் திறந்தேன். வீடியோக் கோப்பின் முகவரி அங்கேயே கிடந்தது. இறக்கினேன், கணினியில் ஏற்கெனவே இருந்த பிளேயரே ஓட்டியது. (இந்த ஒரு பத்தியைக் கதையென்று ஒதுக்காமல் நீங்களும் முயலலாம்.)

4

திரையில் பேதுரு இரண்டு முறை மறுதலித்தார். சேவல் கூவியது. பேதுரு திரைச்சீலைப் பக்கம் குனிந்தார்:

“ஏலே, அமுக்கிப் பிடிலே! இன்னும் ஒண்ணு இருக்கு!”

கூட்டம் சிரித்தது. கட்டுண்டு நின்ற இயேசுவின் தோள்களும் குலுங்கின.

அமிர்தராஜ் எழுந்து கதவைச் சாத்தினார். “வசனம் மறக்கல, பாத்தீகளா? ஆனா இது வெளிய போச்சுன்னா வேசம் போச்சு சார்.”

5

முடிவு அ: குழுவினரும் வீடியோவைப் பார்த்துச் சிரித்து அவருக்கே வேடத்தைத் தருகிறார்கள். (இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: சேவல் குழம்பாகி… (பதினான்கு வருடச் சேவலா? ஜெயமேரி ஒப்பவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டோபர் கேட்டான்: “மச்சான், அந்த வீடியோவப் பாத்தீகளா?”

“எந்த வீடியோ? எனக்குத் தெரியாதே.”

பங்குச்சாமியார் கேட்டார்: “பாத்ததாச் சொன்னாகளே, அமிர்தராஜ்?”

“நான் பாக்கல சாமி.”

ஜெயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாயிற்று; வேறு யாரும் எண்ணவில்லை. அடுத்து நான்தான் கேட்க வேண்டும், கோப்பு என்னிடம். ஆனால் நான் எழுதுகிறவன், கேட்கிறவன் இல்லை என்று…

நீங்கள் கேளுங்கள். அமிர்தராஜ் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.