திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை

1

இந்தக் கதை ஒரு கடைவாய்ப்பல்லிலிருந்து வந்தது. என் பல் அல்ல, என் ஒன்றுவிட்ட அக்காவின் பல். அவள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். சாப்பிடும்போது அவள் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் திருடிக்கொண்டேன். கதையிலும் அவளை அக்கா என்றே விடுகிறேன். குழுவில் அவளைவிட மூத்த சூப்பர்வைசர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பணியிடத்தில் தனிமனித நடத்தையானது காலப்போக்கில் கூட்டுப் பண்பாக—

(வேண்டாம். நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், பிறகு வீட்டில் இருக்கும் எல்லோரும் விடுவார்கள். நான் சொல்ல வந்ததும் அதுதான்.)

2

ஒரு திங்கட்கிழமை அக்கா பல்லைப் பிடுங்கிவிட்டு நேராகக் கூட்டத்துக்கு வந்தாள். வாயில் பஞ்சு. வழக்கமாகச் சூப்பர்வைசர் ஒரு மணி நேரம் பேசுவார், எலக்ட்ரீஷியன் ஒத்து ஊதுவார். ‘சிரிப்பு’ என்று பேர் வாங்கிய உதவி மெக்கானிக் எதற்கெடுத்தாலும் சிரிப்பார். அக்கா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாள். அன்று அவள் உம்மென்று இருந்தாள். தன் பேச்சு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த சூப்பர்வைசர் பாதியிலேயே முடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பஞ்சு இல்லை, வீக்கம் இருந்தது. அவளே பேசாதபோது தான் பேசினால் அசடு வழியுமே என்று எலக்ட்ரீஷியன் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு சிரிப்பதை நிறுத்தினார். வீக்கம் வடிந்த பிறகு அக்காவுக்கே நா எழவில்லை. மூன்று பேர் இத்தனை அடக்கமாக உட்கார்ந்திருக்கும்போது ஒருத்தி மட்டும் எப்படி வாய் திறப்பது?

(சிரிப்பு சட்டென்று சிரிப்பதை நிறுத்தியது நம்பும்படி இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் ஆபீஸில் ஒருவர் வேலை செய்வதையே நிறுத்திவிட்டாராம், யாரும் கவனிக்கவில்லையாம்.)

3

மேலாளர் கவனித்தார். சண்டை இல்லை, புகார் இல்லை, டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது. ‘முதிர்ச்சியான குழு’ என்று கேடயம் கொடுத்தார். ஒரு பயிற்சியாளர் வந்து, இவர்களை உதாரணம் காட்டி மற்றப் பிரிவுகளுக்கு வகுப்பெடுத்தார்.*

* வகுப்பின் தலைப்பு ‘மௌனத்தின் ஆற்றல்’. மனிதர் மதியம் முழுக்க மூச்சு விடாமல் பேசினார்.

4

எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டில், அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்து கிடந்ததை அக்கா பார்த்தாள். திங்கட்கிழமை எழுந்து நின்று சொன்னாள். மேசையைச் சுற்றி மூன்று தலைகள் குனிந்தன. சூப்பர்வைசர் தணிந்த குரலில் சொன்னார்:

“கூட்டத்துல இதெல்லாம் எதுக்கு அக்கா? நம்ம டீம் அப்படி இல்லையே.”

(அவரை வில்லனாக்க இரண்டு முறை முயன்றேன். ஆக மாட்டேன் என்கிறார். பாவம், கேடயத்தைத் தினமும் துடைப்பது அவர்தான்.)

அக்காவுக்குக் கோபம் பாதி, வெட்கம் பாதி. இந்தப் பழக்கத்துக்கு வித்திட்டவள் அவளேதானே. அன்று மதியமே போய் அந்த லிஃப்டை நிறுத்தி, ‘பழுது’ என்று போர்டு மாட்டினாள். குடியிருந்தவர்கள் மாடிக்கொரு வசவாக அவளைத் திட்டிக்கொண்டே படியேறினார்கள்.

வாரம் முடிவதற்குள் எலக்ட்ரீஷியனும் ஒரு லிஃப்டை நிறுத்தினார். விளக்கு மினுக்கியதாம். கண்ணாடியில் கீறல் என்று சூப்பர்வைசர் இன்னொன்றை நிறுத்தினார். அக்கா செய்தால் சரியாகத்தான் இருக்கும். பாதி ஊருக்கு மூச்சிரைத்தது. சிரிப்பு மட்டும் அந்த எட்டு மாடி லிஃப்டுக்குப் போய், லைனிங்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

5

மேலாளர் நேரில் வந்து, எல்லா போர்டுகளையும் அன்றைக்கே எடுக்கச் சொன்னார்.

முதல் முடிவு: அக்கா எடுக்கிறாள், உடனே மூவரும் எடுக்கிறார்கள், அப்புறம் ஒருநாள் அந்த லிஃப்ட்— (எழுதக் கை வரவில்லை.)

இரண்டாவது: அக்கா மறுக்கிறாள், மூவரும் மறுக்கிறார்கள், கண்ணாடிக் கீறல் உட்பட. (தேய்ந்த பிரேக்கும் கீறலும் ஒன்றாகிவிடுகின்றன. மேலாளர் சிரித்தே ஜெயித்துவிடுவார்.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தேன். சூப்பர்வைசரும் எலக்ட்ரீஷியனும் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார்கள். சிரிப்பு அவளைப் பார்க்கவில்லை.

“மத்ததை எடுத்துடலாம் சார். அந்த எட்டு மாடியை மட்டும் எடுக்க மாட்டேன். நானே தொட்டுப் பார்த்தேன்.”

சத்தியமாக இந்த வசனம் என் திட்டத்தில் இல்லை. அக்காவின் திட்டத்திலும் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதற்குள் மற்ற இரண்டு தலைகளும் மெதுவாகச் சிரிப்பின் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தன.

மேலாளர் என்ன சொன்னார் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த எட்டாவது மாடியில் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.