ஏழாம் நம்பர் வீட்டு விசில்

மருமகள் மூன்றாவது முறையாகத் தோளால் இடித்தாள். குளியலறைக் கதவு அசைந்ததே தவிரத் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கதவடியில் கசிந்த தண்ணீர் அவள் காலை நனைத்தது.

“மாமா! ஒரு வார்த்தை பேசுங்க மாமா!”

குழாய்ச் சத்தம்தான் கேட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, இருபது நிமிஷமாகும் என்றார்கள். கணவன் வேலை பார்க்கும் அச்சகம் ஊரின் மறுகோடியில். ஆணியில் தொங்கிய வீட்டு விசிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, மூச்சு முட்ட ஊதினாள்.

விசில் என்றால் இந்தத் தெருவில் விளையாட்டில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரே மாதத்தில் மூன்று வீடுகளில் திருட்டுப் போனது. ஒரு வீட்டுக்காரி போட்ட கூச்சலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த வீட்டில் இருப்பவர் யாரென்றே தெரியாத காலம் அது. அப்போதுதான் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த மாமனார், வீடு வீடாகப் போய்க் கெஞ்சியும் அதட்டியும் சங்கம் ஆரம்பித்தார். வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார். சத்தம் கேட்டால் எந்தக் கோலத்தில் இருக்கிறோமோ அந்தக் கோலத்திலேயே ஓடிவர வேண்டும், அதுதான் சட்டம். ஷேவிங் நுரையோடு வந்தவர் உண்டு, இடுப்புத் துண்டோடு வந்து மானம் போனவரும் உண்டு. திருடன் அதன்பிறகு வந்தானோ இல்லையோ, ஜனங்கள் ஒருவருக்கொருவர் மனுஷர்களானார்கள். டாக்சிக்காரர்கள் பழைய பெயரை மறந்து ‘விசில் தெரு’ என்றே சொன்னார்கள்.

எதிர்வீட்டு டீச்சர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் எட்டிப் பார்த்த நேரம், மருமகள் மூச்சு வாங்குவதற்காக விசிலை வாயிலிருந்து எடுத்திருந்தாள். அவள் கூப்பிடுவதற்குள் டீச்சர் பொறுத்துக்கொள் என்பதுபோலக் கையைக் காட்டிச் சிரித்துவிட்டு, அடுத்த துணியை எடுக்கத் திரும்பிவிட்டார். மற்ற கதவுகள் திறக்கவே இல்லை.

அவர்கள் மேல் தப்பில்லை. ஆறு மாதமாக மாமனாருக்கு நினைவு தடுமாறிக்கொண்டிருந்தது. பால் பொங்கினால் விசில், பூனை குதித்தால் விசில். தெரு ஓடிவந்து ஓடிவந்து சலித்துப்போனது. போன மாதக் கூட்டத்தில் மருமகளே எழுந்து நின்றாள்.

“ஏழாம் நம்பர்லேர்ந்து விசில் வந்தா இனிமே யாரும் வர வேண்டாங்க. நாங்க பாத்துக்கறோம். எங்களுக்கே கூச்சமா இருக்கு.”

அதைத் தீர்மானமாகப் போட்டார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமனாரும் எல்லோரையும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கினார்.

மருமகள் செருப்பில்லாமல் ஓடினாள். தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் சங்கச் செயலாளர்.

“என்னம்மா, கண்டக்டர் மறுபடியும் பஸ்ஸைக் கெளப்பிட்டாரா?”

“ஊதினது நான்தாங்க! நான்தான் ஊதினேன்! வாங்க!”

அவர் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது.

நாலு பேர் சேர்ந்து இடித்ததில் கதவு கீலோடு பெயர்ந்து வந்தது. மாமனார் சுவரோரம் சரிந்து கிடந்தார். தன்னுடைய பழைய கண்டக்டர் விசிலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்தார். “இன்னும் கொஞ்சம் முன்னாடி...” என்று ஆரம்பித்து, மருமகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். “அவர்தான் ஊதறார்னு நெனச்சிட்டேனேம்மா! எப்பவும்போலன்னு இருந்துட்டேனே பாவி!”

நேற்று மருமகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து விசில் கேட்டது. இரண்டு முறை. “வர்றேன் மாமா, ஊதி ஊதி ஊரைக் கூட்டாதீங்க” என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். இன்னும் இரண்டு சட்டைகள் பாக்கி இருந்தன. இரண்டையும் முடித்து, மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்து போனாள். அதில் ஒன்றைத்தான் இப்போது கணவன் போட்டுக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் நின்றான். அவனிடம் உளறிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடுவோமோ என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

“அழாதீங்க டீச்சர்” என்றாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. தெரு முழுக்கக் கழுத்தில் விசிலோடு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“கண்டக்டருக்கு நாம செய்யறது இது ஒண்ணுதான். வண்டி நகரும்போது எல்லாரும் சேந்து டபுள் விசில்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வண்டி நகர்ந்தது. அத்தனை விசில்களும் ஒன்றாக இரண்டு முறை ஒலித்தன.

அவள் திரும்பி உள்ளே ஓடினாள். கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டிப் போய், குளியலறைக் கதவைத் தள்ளக் கையை நீட்டினாள். அங்கே கதவு இல்லை. பெயர்த்த கதவைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். அதில் தாழ்ப்பாள் இன்னும் போட்டபடியே இருந்தது.