கபீர் பாயின் ஒயர்

எண்பத்து மூன்று வைகாசியில், குரும்பகரம் உத்திராபதி வீட்டுக் கல்யாணத்தில், தாலி கட்டுகிற அந்த நிமிஷம் பார்த்துக் கபீர் பாயின் ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. பந்தலில் பாதி டியூப்லைட் பட்பட்டென்று போனது. நல்ல நேரத்தில் புகை வந்துவிட்டதே என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. பெண்ணின் அப்பா உத்திராபதி நேரே மைக்செட்காரர் கபீர் பாயிடம் போய், ஒயரை அரைகுறையாக முறுக்கிவிட்டு வந்தீரா என்று சபையில் வைத்துக் கேட்டார். பாய் குனிந்து ஆம்ப்ளிஃபயரின் ஒயரைப் பிடுங்கினார். ஊரில் கரண்ட் இல்லாததால் வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது என் பொறுப்பு. பந்தலுக்குப் பின்னால் ஓடிப்போய் அதை நிறுத்தினேன்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும், பந்தல் லைனைக் கழற்றிவிட்டு மிஷினை மட்டும் ஓடவிட்டேன். மீட்டர் முள் இருநூற்று முப்பதில் நிற்காமல் முந்நூறுக்கு ஏறியது. வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு, ஏ.வி.ஆர். என்போம். அதன் குமிழைத் திருப்பிக் குறைத்தேன். முள் அசையவில்லை. எவ்வளவு வோல்ட்டேஜ் வருகிறதென்று ஒரு ஒயர் அந்தப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். அது விட்டுப்போனால், ஒன்றுமே வரவில்லை என்று நினைத்துப் பெட்டி ஏற்றிக்கொண்டே போகும். மிஷினை நிறுத்தி மூடியைத் திறந்தேன். அந்த ஒயர் அதிர்வில் திருகிலிருந்து நழுவிக் கிடந்தது.

முந்தின நாள் அந்தத் திருகைக் கழற்றியவன் நான். எங்கள் ஊர் சுரக்குடிக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று விரலாலேயே திருகி மூடினேன். காலையில் இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் இட்லி சாப்பிடப் போய்விட்டேன். சத்தியமாக இவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் என்னிடம் ஒரு சால்ஜாப்பும் கிடையாது.

ஒயரைச் செருகி இறுக்கி, மறுபடி ஓடவிட்டேன். முள் இருநூற்று முப்பதில் நின்றது. அந்த நேரம் பார்த்து உத்திராபதி வந்தார்.

"மிஷின்ல ஏதும் கோளாறா தம்பி?"

"இல்லீங்க. நீங்களே பாருங்க, முள்ளு ஆடாம நிக்கிது."

அந்த நிமிஷத்துக்கு, சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதுதான் கேவலம். அவர் தலையாட்டிவிட்டு, பாயை இனி இந்தப் பக்கம் யாரும் கூப்பிடக் கூடாதென்று சமையல்காரர்களுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனார். அம்பகரத்தூர் வரைக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்கள்தான் பாய்க்குப் பிழைப்பு. உத்திராபதியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜெனரேட்டர் முதலாளி தெட்சிணாமூர்த்தி என்னை அன்றே வேலையைவிட்டு அனுப்பிவிடுவார். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது பாய் வந்தார். கையெல்லாம் கரி.

"சோமு, என்னால ஒங்க மிஷினுக்கு ஒண்ணும் ஆயிரலையே?"

"ஒண்ணும் ஆவல பாய்."

"இருவது வருசமா ஒயரு முறுக்குறேன். எங்க தப்பு விட்டேன்னு தெரியலயே. அதப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

மேடையோரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு இணைப்பாக டேப்பைப் பிரித்து, இழுத்துப் பார்த்து, மறுபடி சுற்றினார். ஒன்றுகூடத் தளரவில்லை. எல்லாரும் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தார்கள். உச்சி வெயிலில் குத்துக்காலிட்டு, எழுந்து, இரண்டு எட்டு வைத்து, மறுபடி குத்துக்காலிட்டு, ஒயரைப் பிடித்தபடியே வந்துகொண்டிருந்தார். அந்த ஒயர் என் காலடியில் வந்துதான் முடிகிறது.