பதினொன்றாவது பெயர்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பச்சைமலை அடிவாரத்தில் பதினோரு மாணவிகள் நின்றார்கள். தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர்கள். அவர்களில் யாரும் அதற்குமுன் மலை ஏறியதில்லை.

"எங்க ஊர்ல பெரிய மேடுன்னா அது ரயில் பாலந்தான் டீச்சர்," என்றாள் ஆமினா. எல்லோரும் சிரித்தார்கள்.

குழுவை அழைத்து வந்தவள் உடற்பயிற்சி ஆசிரியை ராஜாத்தி. ஒரு பயிற்சி முகாமில் ஒரே ஒரு முறை மலை ஏறியிருந்தாள். வனக்காவலர் அரசப்பனிடம் வழி கேட்டாள். அவர் பெண்களின் கால்களைப் பார்த்தார்.

"பாதை ஒண்ணுதாங்க, தவறாது. ஆனா நான் சொல்றதக் கேட்டுக்குங்க. மெதுவா நடக்குற புள்ளைய முன்னால விடுங்க. சுமையைப் பங்கு போட்டுக்குங்க. நீங்க கடைசியா வாங்க, இல்லாட்டி விசிலையாவது கடைசி ஆளுகிட்ட குடுங்க. திருப்பத்துக்குத் திருப்பம் நின்னு எண்ணுங்க. மலையில காணாமப் போறது எப்பவும் கடைசி ஆளுதான்."

ராஜாத்தி ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு விசிலைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

சமையல் சாமான்கள் ஓர் அலுமினியக் குண்டானில் இருந்தன. அரிசி, பருப்பு, புளி, உப்பு. மேலே ஓடைக்கரையில் பொங்குவதாக ஏற்பாடு. யார் தூக்குவது என்று யாரும் கேட்கவில்லை. அம்சம் குனிந்து துண்டைச் சும்மாடாகச் சுற்றினாள்.

"கனமா இருக்காதுல்ல?" என்றாள் ராஜாத்தி.

"அவளுக்குப் பழக்கந்தான் டீச்சர்," என்றாள் கமலாம்பாள்.

கமலாம்பாளும் அம்சமும் ஒரே ஊர், கீழ்வேளூருக்குத் தெற்கே. கமலாம்பாளின் அப்பா வயலில்தான் அம்சத்தின் அம்மா ராமாயி நாற்று நட்டாள், களை பறித்தாள். அது கூலித் தகராறு முற்றியிருந்த ஆண்டு. அந்தப் பக்கத்தில் சம்பா அறுவடைக்குப் போலீஸ் காவல் நின்றது. நில உச்சவரம்பைப் பற்றிச் சுவர் சுவராக எழுதியிருந்தார்கள்.

ராஜாத்தியின் அப்பா கட்சிக்காரர். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஐயர் கிடையாது. "என் குழுவில் சாதி கிடையாது" என்று கல்லூரி முதல்வரிடம் சொல்லித்தான் அவள் அம்சத்தின் பெயரைப் பட்டியலில் சேர்த்தாள். அதை அவள் மனதார நம்பினாள்.

நடை தொடங்கியது. முன்னால் ராஜாத்தி. அவளுக்கு அடுத்துக் கமலாம்பாள். கடைசியில் குண்டானோடு அம்சம். இந்த வரிசையை யாரும் போடவில்லை. வரப்பில் எப்படி நடப்பார்களோ அப்படியே நின்றார்கள்: நிலத்துக்காரர் முன்னால், சுமை பின்னால்.

முதல் திருப்பத்தில் ராஜாத்தி நின்று எண்ணினாள். இரண்டாவதில் நிற்காமல் திரும்பிப் பார்த்தாள். அதற்குமேல் மூச்சு வாங்கியது. மறந்துவிட்டாள்.

தலையில் சுமை இருந்தால் குனிந்து பார்க்க முடியாது. வரப்பில் அது தேவைப்படுவதில்லை, வழி காலுக்கே தெரியும். இங்கே கல்லுக்குக் கல் உயரம் மாறியது. அம்சம் பாதத்தால் தடவித் தடவி ஏறினாள். தனக்கு அடுத்து முன்னால் போனவளின் சிவப்பு ரிப்பன் தெரிந்தது, சிறியதாயிற்று, ஒரு பாறைக்குப் பின்னால் மறைந்தது.

அடுத்த அடியில் ஒரு கல் புரண்டது. கணுக்கால் மடங்கியது. விழும்போது இரண்டு கைகளாலும் குண்டானைப் பிடித்துக்கொண்டாள். முழங்கை கிழிந்தது. அரிசி சிந்தவில்லை.

பேச்சுக் குரல்கள் மேலே கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு சத்தம் போட்டால் போதும். அவளுக்கு வாய் வரவில்லை. முன்னால் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று ராமாயி அவளுக்கு ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். கூப்பிட்டால் அவர்களை நிற்க வைத்ததாகிவிடும்.

"டீச்சர்," என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

குரல்கள் தேய்ந்தன. பிறகு காற்று மட்டும். பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கணுக்கால் வீங்கியது. தாகம் எடுத்தது. தண்ணீர் மற்றவர்களோடு மேலே போயிருந்தது. கீழே சமவெளி வெளுத்துக் கிடந்தது. ஊர் எந்தத் திசை என்று தேடினாள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தது. எறும்புகள் குண்டானுக்கு வரிசை கட்டின. அவற்றைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வேறு வேலை இல்லை.

ஒன்பது மணிக்கு மற்றவர்கள் ஓடையை அடைந்தார்கள். ராஜாத்தி தலைகளை எண்ணினாள்.

பத்து.

சரியாக இருக்கிறது என்று அவள் மனது சொன்னது. கால்களை ஓடையில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெண்கள் முகம் கழுவினார்கள், பாடினார்கள். ஆமினா சுள்ளி பொறுக்கி மூன்று கல் கூட்டினாள். அரை மணி நேரம் ஆயிற்று.

"பசிக்குது டீச்சர். குண்டான் எங்க?" என்றாள் கமலாம்பாள்.

"அம்சங்கிட்டதானே இருக்கு?" என்றாள் ராஜாத்தி.

"அம்சம் எங்க?" என்றாள் ஆமினா.

ராஜாத்தி குறிப்பேட்டைத் திறந்தாள். பட்டியலில் பதினோரு பெயர்கள் இருந்தன. பதினொன்றாவது பெயர் அம்சம். ராஜாத்தியின் சொந்தக் கையெழுத்து.

"யாரும் இந்த எடத்த விட்டு நகரக்கூடாது. ஆமினா, பாத்துக்க." ராஜாத்தி இறங்கி ஓடினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் விசில் ஊதினாள். பதில் விசில் வர வழியில்லை. விசில் ஒன்றுதான், அது அவளிடம் இருந்தது.

எட்டாவது திருப்பத்தில் அம்சத்தைப் பார்த்தாள். ராஜாத்தியைக் கண்டதும் அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள்.

"உக்காருடி. ஏன்டி ஒரு சத்தம் போடக்கூடாதா?"

"அரிசி ஒண்ணும் கொட்டல டீச்சர்," என்றாள் அம்சம்.

ராஜாத்திக்கு அழுகை வந்தது. தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அம்சத்தின் கணுக்காலில் கட்டினாள். தன் தண்ணீரைக் கொடுத்தாள். அம்சம் வாயில் படாமல் அண்ணாந்து குடித்தாள். அவசரத்தில் பாதி கழுத்தில் வழிந்தது.

"வாய் வச்சுக் குடி."

அம்சம் தயங்கினாள். பிறகு வாய் வைத்துக் குடித்தாள்.

மேலே போக முடியாது. ராஜாத்தி ஏறிப் போய் மற்றவர்களை அழைத்து வந்தாள். குண்டானிலிருந்த அரிசியையும் மற்றச் சாமான்களையும் பத்துத் துண்டுகளில் முடிந்து மற்றப் பத்துப் பேரிடமும் கொடுத்தாள். காலிக் குண்டானைத் தான் எடுத்துக்கொண்டாள். ஒரு கம்பை ஒடித்து அம்சத்தின் கையில் கொடுத்து அவளை வரிசையின் முன்னால் நிறுத்தினாள். விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினாள்.

"இவ பின்னாலயா நாங்க போறது?" என்றாள் கமலாம்பாள். "ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்."

"ஆமா, இவ பின்னாலதான். இவ நடை என்னவோ அதான் நம்ம எல்லாருக்கும் நடை." ராஜாத்தி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "தப்பு என்னுது. அரசப்பன் சொன்னத எழுதி வச்சுக்கிட்டு, வரப்புல நடக்குற வரிசையத் தூக்கிட்டு மலைக்கு வந்துட்டேன். சாதி கிடையாதுன்னு வாயால சொன்னாப் போதாதுடி. எண்ணும்போது ஒருத்தர விட்டுட்டா, அங்கதான் அது இருக்கு. கடைசி ஆள எண்ணத் தெரியாதவளுக்கு முன்னால நடக்கத் தகுதி இல்ல."

கமலாம்பாள் துண்டு முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இறங்கத் தொடங்கினார்கள். மெதுவாக, நின்று நின்று. ராஜாத்தி கடைசியில் வந்தாள். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரிந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் பதினொன்று.

மூன்றாவது திருப்பத்தில் அம்சம் நின்றாள். வரிசை முழுவதும் நின்றது. அவள் விசில் ஊதவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு, எல்லோருக்கும் மேலாகக் கடைசியில் நின்றவளைப் பார்த்துக் கூப்பிட்டாள். இந்த முறை குரல் நன்றாகக் கேட்டது.

"டீச்சர், குண்டான் எங்கிட்ட இல்லாம இருந்திருந்தா, என்னை எப்பத் தேடியிருப்பீங்க?"