மடையைப் பாரு

ஒரு பாத்தியின் மடையை அடைத்து அடுத்ததை வெட்டிவிட்டபோது, வீட்டுப் பக்கமிருந்து நாத்தனார் கைகாட்டிக் கூப்பிடுவது அவளுக்குத் தெரிந்தது. அவள் மண்வெட்டியைப் போடவில்லை. இப்போது விட்டுப் போனால் வரப்பு உடைந்து தண்ணீரெல்லாம் தரிசுக்குப் போய்விடும். கரண்ட் நிற்பதற்குள் மிளகாய்ச் செடி முழுவதும் நனைந்தாக வேண்டும். அந்தப் பாத்தி நிரம்பி, அதற்கடுத்ததைத் திறந்துவிட்ட பிறகுதான் ஓடினாள்.

சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்தபோது நாத்தனார் தன் அண்ணனின் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் அண்ணி. நீங்க வர்றீங்களான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

காலையில் அவள் போகமாட்டேன் என்றுதான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் புருஷனை விட்டுவிட்டு எப்படிப் போவது? மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் அவரேதான் தலையைத் திருப்பி, "மடையைப் பாரு, போ" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. இத்தனை வருஷம் கூட இருந்தவளிடம் சொல்ல அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

சொட்டுநீர்க் குழாய் போடலாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பக்கத்துத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள் என்றால், "செடிக்கென்ன சீக்கா, மருந்து மாதிரி சொட்டு சொட்டா விட?" என்று சிரிப்பார். தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவருக்குப் பாய்ச்சின மாதிரி. நடக்க முடியாமல் போனபோது, கூலிக்கும் ஆள் கிடைக்காமல், மண்வெட்டி அவள் கைக்கு வந்தது. பிடிவாதம் மட்டும் அவரிடமே இருந்தது.

அடக்கம் முடிந்து திரும்பிய உறவுக்காரர்கள், கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்கலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்துப்போனவர் மேலா, ஓடிவராமல் நின்ற தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பியதும் குழாய்க்கடைக்காரரை வரச்சொன்னாள். தண்ணீர் பாதி மிச்சமாகும், களை குறையும், காய் பெருக்கும் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவள் இடையில் நிறுத்தினாள்.

"திறந்து விட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாமா?"

அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. "வரலாம்மா. பக்கத்துல நிக்கவே வேண்டாம்."

"அப்பப் போடுங்க."

குழாய் பதித்த மறுநாள், கரண்ட் வந்ததும் வால்வைத் திறந்தாள். செடிகளின் அடியில் மண் சத்தமில்லாமல் கறுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அடைக்கவும் வெட்டவும் ஒன்றுமில்லை.

"என்ன அண்ணி, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள் நாத்தனார்.

அவள் உள்ளே போனாள். கட்டிலை அப்புறப்படுத்தியிருந்தார்கள். அது கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மோட்டார் நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை.