லிஃப்டுக்குள் ஆறு பேர்

அடக்கம் முடிந்து வீடு திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மகள் கூடத்தில் கிடந்த வாடகை நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தாள். ஏழாவது நாற்காலியில் கை வைத்தபோது கணக்கு டீச்சர் அதில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மடக்காதம்மா. இன்னிக்கு சனிக்கிழமை, அஞ்சு மணிக்கு மீட்டிங். பதினோரு வருஷத்துல உங்கப்பா ஒரு வாரம் தவறினதில்ல. அவர் இல்லாம அங்க போய் உக்கார எங்க யாருக்கும் மனசு வரல. இங்கயே வச்சுக்கட்டுமா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை எதுக்குப் பாக்கறே?" என்றாள் அம்மா, அழுது கட்டிப்போன குரலில். "சனிக்கிழமைன்னா அந்த மனுஷன் என்னிக்கு நமக்குச் சொந்தமா இருந்தாரு?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் போயிருந்தால் தெருவே பெருமூச்சு விட்டிருக்கும். அப்படிக் குடித்தவர். ஒருநாள் அவராகவே, "விட்டுடணும்மா, ஆனா தனியா முடியாது போலிருக்கு," என்றார். மகள் அன்றே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆனால் குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடிப் பேசும் கூட்டங்களில் அவருக்குத் தோதானது சுலபத்தில் அமையவில்லை. முதல் இடத்தில் ஒருவர் கல்லீரல் படத்தை மாட்டிவைத்துக் குச்சியால் காட்டிக் காட்டிப் பாடம் எடுத்தார். "என் வயித்துலயே ஒண்ணு இருக்கு, எனக்கே பாடமா?" என்று அப்பா எழுந்து வந்துவிட்டார். இரண்டாவது இடத்தில் எல்லோரும் இஸ்திரி கலையாத சட்டை போட்ட அதிகாரிகள். அப்பாவின் கிரீஸ் படிந்த கையைக் குலுக்கிவிட்டு ஒருவர் ரகசியமாகக் கைக்குட்டையை எடுத்தார். மூன்றாவதில் ஆரம்பம் முதல் கடைசிவரை அழுகை. "அழறதுக்கு எனக்குத் துணை எதுக்கு? அதைத்தான் பாட்டிலோட பண்ணிட்டிருந்தேனே."

நான்காவது கட்டடத்தின் வாசலில் நின்று, "இதுதான் கடைசி. இதுவும் சரிப்படலன்னா என்னை என் போக்குல விட்டுடு," என்றார். கூட்டம் நாலாவது மாடியில். லிஃப்ட் வரவில்லை. படியேறினார்கள். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது சுவருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். அப்பா லிஃப்ட் கதவில் காதை வைத்தார்.

"உள்ள யாரு?"

"ஆறு குடிகாரங்க!" என்றது ஒரு பெண் குரல். "முக்கால் மணி நேரமா மாட்டிக்கிட்டோம். மேல போக வழியில்ல, இங்கயே மீட்டிங்க ஆரம்பிச்சுட்டோம்!"

அப்பா மீதி மாடிகளையும் ஓடியே ஏறினார். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையில், குடிக்காமல் மூன்று நாளாக நடுங்கிக்கொண்டிருந்த கைகளால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி லிஃப்டை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தார். இறங்கி வந்து கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தவர் கணக்கு டீச்சர். அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்களும் நம்மாளுதானே?" என்றார். வருஷக்கணக்கில் கேட்காத அப்பாவின் சிரிப்பை மகள் அன்றைக்குக் கேட்டாள்.

இப்போது அந்தக் கதையைத்தான் கூடத்தில் டாக்சிக்காரர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆறில் அவரும் ஒருவர்.

"எனக்குத்தான் தெரியுமே அண்ணே, நானும் கூட இருந்தேன்," என்றாள் மகள்.

"மிச்சம் உனக்குத் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் மீட்டிங்ல எழுந்து நின்னு ஒத்துக்கிட்டாரு. அந்த லிஃப்டுக்குக் கடைசியா சர்வீஸ் பண்ணது யாரு? உங்கப்பாதான்! தண்ணியப் போட்டுக்கிட்டு!"

எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பியது. அம்மாதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பாவி மனுஷன்! எங்கிட்டகூட மூச்சு விடலியே!" அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. காலையிலிருந்து யார் பக்கத்திலும் வராமல் கேட்டருகிலேயே நின்றிருந்தார். வாயில் ஏலக்காயை அடக்கியிருந்தும் வாடை வந்தது.

"அண்ணன் செத்த வீட்ல என்ன சிரிப்பு?" என்றார். அதட்டலாகச் சொல்ல நினைத்தது பாதியிலேயே உடைந்துபோனது.

கணக்கு டீச்சர் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் இடம் பண்ணினார். "வாங்க தம்பி."

"நான் போட்டிருக்கேன்."

"தெரியுது. போட்டிருந்தா பேசக் கூடாது, அவ்வளவுதான். கேக்கலாம்."

சித்தப்பா அண்ணியைப் பார்த்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மகளும் பின்னாலேயே போய், கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

ஐந்து மணி அடித்தது. கூடத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசும் குரல். நடு நடுவே அமைதி. மறுபடி சிரிப்பு. அம்மாவும் மகளும் பாத்திரம் கழுவினார்கள், கழுவினதையே இன்னொரு தரம் கழுவினார்கள். வாசல் கேட் திறக்கும் சத்தம் வருகிறதா என்று இருவருக்கும் ஒரு காது அங்கேயே இருந்தது.

ஆறு மணிக்குச் சமையலறைக் கதவு மெல்லத் திறந்தது. சித்தப்பா தலையை மட்டும் நீட்டினார். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, எங்களுக்கு டீ வேணுமாம். டீச்சருக்கு மட்டும் சக்கரை இல்லாம."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. எட்டிப் பெரிய பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள்.